இரண்டாவது கேசட்

ஜெயமேரி டீச்சர் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாள். பட்டன் கையோடு வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எண்பத்தாறில் ஏற்காட்டு மலையில் அது பெரிய அதிசயம். அதில் எழுதுவதையெல்லாம் பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். மாரமங்கலத்திலிருந்தும் தலைச்சோலையிலிருந்தும் பஸ் பிடித்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஒரு வருடம் உழைத்து எழுதிய கணக்கு விளையாட்டுகள் எல்லாம் ஒரே ஒரு கேசட்டில் இருந்தன.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து அதிகாரி வருகிறார். கேசட் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று பள்ளிக்கு, ஒன்று அவருக்கு. இல்லையென்றால் கம்ப்யூட்டரை வேறு பள்ளிக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். பள்ளியில் இருந்ததோ ஒரே டேப் ரெக்கார்டர். இனி அது பாடும், பதியாது.

ஜெயமேரி அசரவில்லை. வீட்டிலிருந்த பழைய கேசட் ரேடியோ பதியும். ஆனால் வயர் சொருக அதில் துளை கிடையாது. அதனால் என்ன என்று இரண்டையும் சமையலறையில் எதிரெதிரே வைத்து, ஒன்றைப் பாடவிட்டு மற்றதைக் கேட்கவிட்டாள். கம்ப்யூட்டர் கேசட்டில் பாட்டெல்லாம் இருக்காது. கீச்சென்று ஒரு இரைச்சல்தான். புதுக் கேசட்டில் அந்த இரைச்சலோடு பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும் சேர்ந்து பதிந்தது. பள்ளியில் போட்டுப் பார்த்தபோது விசில் வந்த இடத்தில் கம்ப்யூட்டர் நின்று, டேப்பைத் திருப்பிச் சுற்றச் சொன்னது.

சத்தமில்லாத இடம் வேண்டும். அவள் கணவன் ஜேசுதாஸ் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். காப்பிக் கொட்டை குடோன் சாவி அவனிடம் இருந்தது. சுற்றிலும் மூட்டை, வெளிச்சத்தம் எதுவும் எட்டாது. இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. முடியப்போகும் நேரத்தில் காப்பித் தோல் தூசி ஜேசுதாஸின் மூக்கில் ஏறியது.

அந்தத் தும்மலையும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை.

"நான் வேணா வெளிய நிக்கட்டுமா மேரி?" என்று அவன் பாவமாகக் கேட்டான். ஆனால் மறுபடி ஓட்டியபோது ரெக்கார்டர் அசல் கேசட்டையே கடித்துவிட்டது. ஜெயமேரி பொறுமையாக நாடாவை உருவி எடுத்து, நகத்தால் நீவி, பென்சிலைச் சொருகிச் சுற்றினாள். இன்னும் ஒரே ஒரு தடவை ஓடினாலே அதிகம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஒரு தடவைக்கு வயர் சொருகும் செட் வேண்டும். மலையில் அப்படி ஒன்று மைக்செட் மரியதாஸிடம்தான் இருந்தது. தேர்த் திருவிழாவுக்காக அவன் அதை மாதா கோயிலில் கட்டிவிட்டிருந்தான்.

"கழட்டுனா திரும்பக் கட்டறது நொம்பக் கஷ்டமுங்க டீச்சர். உங்க பொட்டிய இங்க கொண்டாங்க" என்றான்.

கொண்டுபோனாள். மரியதாஸ் வயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டான். கோபுரத்தின் மேலிருந்த நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களும் ஒரே நேரத்தில் கீச்சென்று அலறின.

குழாயை மட்டும் நிறுத்த முடியாதா என்று ஜெயமேரி சைகையில் கேட்டாள். எல்லாம் ஒரே சுவிட்ச், நிறுத்தினால் பதிவதும் நின்றுபோகும் என்று அவன் சைகையிலேயே சொன்னான்.

அவள் சுழலும் நாடாவைப் பார்த்தாள். "ஓடட்டும்" என்றாள்.

ஊர் கூடிவிட்டது. காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். பங்குச் சாமியார் பாதி சவரம் செய்த முகத்தோடு வந்து, என்ன இது என்று கேட்டார்.

"எங்க புள்ளைங்க போட்ட கணக்குங்க, ஃபாதர்."

அவர் சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "படிக்கற காலத்துல எனக்கும் கணக்கு இப்படித்தான் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைக் கையமர்த்தி உட்காரச் சொன்னார்.

இரைச்சல் முடிந்த மறுகணம் பழைய நாடா பட்டென்று அறுந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. மறுபடியும் ஒரே கேசட்.

ஜெயமேரி புதுக் கேசட்டைப் பள்ளி ரெக்கார்டரில் போட்டாள். மரியதாஸிடம் இன்னொரு வெற்றுக் கேசட்டை நீட்டினாள். ஊர் முழுவதும் கணக்கை முதலிலிருந்து மறுபடி கேட்டது. இந்த முறை ஒருவரும் எழுந்து போகவில்லை. பிறகு பள்ளியில் இரண்டு கேசட்டையும் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாசித்தது. பெண்கள் கைதட்டினார்கள். ஜெயமேரி முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பெண்கள் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்ட, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேசட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், தலையசைத்தார், தேநீர் குடிக்கத் தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

ஜெயமேரி வாசலுக்கு வந்தாள். அங்கே நின்ற அதிகாரியின் ஜீப் டிரைவர் சின்னத்தம்பியிடம், எங்கள் கேசட்டில் இரைச்சல் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் இதவிடச் சுத்தமாக் குடுத்திருப்பாங்க, இல்லீங்களா?"

"நீங்க வேறங்க டீச்சர்" என்றான் சின்னத்தம்பி. "நாங்க போன ஊர்லயெல்லாம் அது இன்னும் அட்டைப்பொட்டிக்குள்ளதானுங்க இருக்குது; கம்ப்யூட்டர்னா எப்படி இருக்கும்னு எங்க அய்யாவே இன்னிக்குத்தான் பாக்கறாரு."