மூன்று நாள் பழைய தண்ணீர்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கு நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரையாவது இருங்கள்.

பாப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியது கிடைத்தது. மூன்று வருஷமாக ஒரு காட்டுமர விதையை முளைக்க வைக்கத் தெரியாதவள் இனி என்ன ஆராய்ச்சி பண்ணிக் கிழிக்கப்போகிறாள், திங்கட்கிழமை பல்கலைக்கழகக் குழு கூடி வெளியே அனுப்புவதற்குள் அவளாகவே மூட்டை கட்டிக்கொண்டு வந்து வங்கி வேலைக்குப் படிக்கட்டும், மாமன் சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான், குழந்தை மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு என் மேல். முப்பது வருஷமாக மென்று முழுங்கியதைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் எனக்குத் தெம்பில்லை.

நான் அறிவியல் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இருந்தபோது ஒரு வெளிநாட்டு விதை நூல் என் மேஜைக்கு வந்தது. பாப்பா மல்லுக்கட்டும் அதே காட்டுமரத்தைப் பற்றித்தான். எழுபதாம் பக்கம் "இந்த விதையைத் தண்ணீரில் ஊற வைத்தால்" என்று முடிகிறது. அடுத்த தாளைக் காணோம். மேலதிகாரியிடம் போனேன். "ஒரு தாள்தானே, பொருத்தமா எதையாவது போட்டு நிரப்புங்க, சாயங்காலம் அச்சுக்குப் போகணும்" என்றார். அப்போது எங்கள் வீட்டுக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும், அதுவரை வாளியில் பிடித்து வைத்த பழைய தண்ணீர்தான். அந்த ஞாபகத்தில், "மூன்று நாள் ஊற வைக்கவும், தண்ணீரை மாற்றவே கூடாது" என்று எழுதி வைத்தேன். மொழிபெயர்த்தவன் பெயரைப் போடுவது எங்கள் அலுவலகத்தில் வழக்கமில்லை, அதனால் தைரியமும் இருந்தது.

அதோடு ஒழிந்திருந்தால் சரி. வேறொரு தேசத்துப் பேராசிரியர் என் புத்தகத்தைத் தன் மொழிக்குக் கொண்டுபோனார். இந்த மக்கள் வழிவழியாக விதையைப் பழைய நீரில் ஊற வைக்கிறார்கள் என்று அடிக்குறிப்பு வேறு. வழிவழியாக என்றால் நானும் என் மனைவியும் ஒரு பச்சை வாளியும். மூன்றாவது தேசத்துக்காரர் அதைப் படித்துவிட்டு, பழைய நீரிலுள்ள கிருமிகள் விதையின் மேலோட்டை அரிக்கின்றன என்று வரைபடம் போட்டு விளக்கினார். அது ஆங்கிலத்துக்குப் போய், சுற்றிச் சுற்றி வந்து பாப்பா தலையில் விடிந்தது. மூன்று வருஷமாக நாற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து அறைக்காரர்கள் இடம் மாறிவிட்டார்கள். "உலகமே ஒத்துக்கிட்ட முறை, உனக்கு மட்டும் ஏம்மா வரலை?" என்று அவளுடைய பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறாராம்.

நான் சும்மா இருக்கவில்லை அத்தான். போன மாதம் பழைய அலுவலகத்துக்குப் போய் அந்த வரியைத் திருத்தச் சொன்னேன். "ஆதாரம் என்ன சார்?" என்றார் புது அதிகாரி. "நான்தான் எழுதினேன்" என்றேன். "நீங்க சொன்னா ஆச்சா? நாலு மொழியில புஸ்தகம் இருக்கே" என்று எடுத்துக் காட்டினார். நாலும் என் வாளித் தண்ணீர். அந்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கும் எழுதினேன். உங்கள் மக்களின் பாரம்பரிய அறிவு உங்களுக்கே தெரியாதது வருத்தமளிக்கிறது என்று பதில் போட்டு, புத்தகப் பிரதி ஒன்றையும் அனுப்பினார். படித்துக் கற்றுக்கொள்ளவாம்.

ஆகவே, பாப்பாவைத் திட்டாதீர்கள். திங்கட்கிழமை நானே போய்க் குழுவின் முன்னால் நிற்கிறேன். அவமானம் எனக்கு வரட்டும், அவள் மூன்று வருஷம் வீணாக வேண்டாம். அக்காவுக்கு என் நமஸ்காரம். அவள் கையில் இந்தக் கடிதம் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் பாப்பா போன் பண்ணினாள். மனசு வெறுத்து, விதை ஊறிய ஒரு தொட்டியை ஒன்பது நாள் தொடாமலே விட்டாளாம். அத்தனை விதையும் முளைத்துவிட்டது. "தண்ணிய மாத்தவே கூடாதுன்னு எழுதினவர் மகான் மாமா, நாள் கணக்குலதான் கொஞ்சம் தப்பு" என்றாள். மூல நூலின் முழுப் பிரதியும் எங்கிருந்தோ இன்றைக்குத்தான் வந்து சேர்ந்ததாம். காணாமல்போன தாளில், இந்த விதை எந்தத் தண்ணீரிலும் முளைக்காது, முயல்வது வீண் என்று இருக்கிறதாம். "இதை முதல்லயே படிச்சிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேன் மாமா" என்று சொல்லி அழுதாள். ஆய்வேட்டில் நன்றி சொல்ல அந்த மகானைத் தேடிக்கொண்டிருக்கிறாளாம். நான் போனை வைத்துவிட்டேன். வேறு கடிதம் எழுதக் கை வரவில்லை, இதையே அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். அக்கா கேட்டால், நான் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்ததாகச் சொல்லுங்கள்.