ஐந்தாம் தரப் பருத்தி

பாதுகாப்புப் பொருள் பரிசோதனைப் பிரிவு என்ற மாண்புமிகு அலுவலகத்தில் ஒரு இயந்திரமும், ஒரு வட்டக் கத்தியும், ஒரு ஹம்டானும் இருந்தார்கள். கையுறைத் துணியின் மேல் கத்தி சுழலும். எத்தனை சுற்று தாங்குகிறதோ அதற்கேற்ப ஹம்டான் தரம் போடுவார். அறுபடவே இல்லையென்றால் ஐந்தாம் தரம். அதற்கு மேல் உலகத்தில் தரமே கிடையாது.

தினமும் முதலில் வெறும் பருத்தித் துணியை அறுத்து, கத்தி கூராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு திங்கட்கிழமை பருத்தி அறுபடவில்லை. ஹம்டான் இயக்குநர் டத்தோவிடம் ஓடினார்.

"டத்தோ, கத்தி மழுங்கிப்போச்சு. பருத்தியே அறுபடல."

"அறுபடாத துணிக்கு என்ன தரம்?"

"அஞ்சு. ஆனா டத்தோ..."

"போன வாரம் கத்தி நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீதானே? அப்ப அது பொய்க் கையெழுத்தா?"

தன் கையெழுத்தின் மேல் ஹம்டானுக்கு அபார மரியாதை. பதினெட்டு வருஷமாக வேறு யாரும் அதை மதிக்காததால் அந்த வேலையையும் அவரே பார்த்துவந்தார். போய்ப் பருத்திக்கு ஐந்தாம் தரம் போட்டார்.

ஊரே பருத்திக் கையுறைக்கு மாறியது. மாப்பிள்ளைகள் மாட்டிக்கொண்டு நிக்காஹ்வுக்கு உட்கார்ந்தார்கள். கடைசியில் ஆணை வந்தது: ஊர்ச் சந்தையான பாசாரில் மீன் வெட்டுபவர்கள் இரும்பு நூல் கையுறையைக் கழற்றிவிட்டுப் பருத்தி அணிய வேண்டும். முதல் ஜோடி, பாசாரிலேயே கைதேர்ந்தவளான சல்பியாவுக்கு. சல்பியா ஹம்டானின் மனைவி.

கையுறை வழங்கும் விழா மேடையில் முழுத் தெங்கிரி மீன் கிடந்தது. விடியற்காலையில் தீட்டிய கத்தியோடு சல்பியா நின்றாள். கையுறையை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற கணவனைக் கேட்டாள்.

"அபாங், இது தாங்குமா?"

"விதிப்படி தாங்கும், சல்."

"விதியையா கட்டிக்கிட்டேன்? உங்களைக் கேக்குறேன். என் விரல் போகுமா, போகாதா?"

ஹம்டான் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் கையெழுத்து போகும். சொல்லாவிட்டால் விரல் போகும். சட்டென்று மைக்கைப் பிடுங்கினார்.

"டத்தோ! இந்தக் கத்தி நம்ம பிரிவால அங்கீகரிக்கப்படாத கத்தி!"

மேடையே திடுக்கிட்டது. டத்தோவின் முகம் மலர்ந்தது. "அடடே, நல்லவேளை கவனிச்சய்யா! இனி பாசார்ல நம்ம சோதனைக் கத்தி மாதிரிதான் எல்லாக் கத்தியும் இருக்கணும்!"

சல்பியா கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "பதினெட்டு வருஷம் உங்களுக்கு மீன் வெட்டிப் போட்டேனே, என்னைச் சொல்லணும்" என்றாள்.

அந்த ஆண்டு பாசாரில் ஒருவர் விரலிலும் கீறல் இல்லை. மீனிலும் இல்லை. கையுறைக்குக் கிடைத்த மகத்தான வெற்றி என்று அறிக்கை எழுதி, ஹம்டானே கையெழுத்துப் போட்டார்.

இப்போது பாசாருக்குப் பின்சந்தில், பழைய இரும்பு நூல் கையுறையும் பழைய கத்தியுமாக சல்பியா மீன் வெட்டுகிறாள். காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கிறது. முதல் ஆள் டத்தோ, அடுத்து ஹம்டான், பின்னால் ஊர் முழுக்க. எல்லார் கையிலும் ஐந்தாம் தரப் பருத்தி. மீன் வாடை அண்டுவதே இல்லையாம்.

"புருஷன்னு முன்னாடி வராதீங்க அபாங்," என்கிறாள் சல்பியா. "வரிசையில நில்லுங்க. அதுதான் விதி."