மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?

"திராட்சை கூடவே கூடாது," என்றார் நாய் டாக்டர் அம்மா. "வெங்காயம், சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம், வேகவைச்ச எலும்பு, எதுவும் வாசப்படி தாண்டி உள்ளே வரக் கூடாது."

மேஜைமேல் நின்ற நாய், யாரோ யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நின்றபடியே அதன் வயிறு மேஜையைத் தொட்டது.

"ஒரே ஒரு திராட்சை?" என்று கேட்டான் கண்ணாடிக்காரன்.

"சிறுநீரகம் போச்சுன்னா இப்படித்தான் ஒண்ணுதானேன்னு கேப்பீங்களா?"

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன் அவன். லென்ஸை அரைத்து, துடைத்து, கண்ணுக்கே தெரியாத திருகாணியை முடுக்கி, ஊரார் பார்வையைத் தெளியவைக்கிற வேலை. நாயைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், முன்பக்கம் கடிக்கும், பின்பக்கம் ஆட்டும் என்பதுதான்.

"அப்ப என்னதான் கொடுக்கறது?"

"உப்பில்லாம வேகவைச்ச கோழிக்கறி, எலும்பு எடுத்துட்டு. பூசணிக்காய். சொன்ன பேச்சு கேட்டா கேரட் ஒரு துண்டு, இல்லேன்னா விதை எடுத்த ஆப்பிள். துண்டுன்னா சுண்டுவிரல் நகம் அளவு. அதையும் சாப்பாட்டுல கழிச்சுடணும். ஈரல் கொழுத்துக் கிடக்கு. இன்னும் எடை ஏறினா உயிருக்கு நான் பொறுப்பில்லை. பேரு?"

"என் பேரா?"

"நாய் பேரு."

கண்ணாடிக்காரன் குரலைத் தாழ்த்தினான். "மாப்பிள்ளை."

டாக்டர் அம்மா நிமிர்ந்து அவனையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். சாயல் தேடுகிற பார்வை.

அது மாமனார் வீட்டு நாய். மாமனார் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். கட்டுமேலேயே நாய் தாவி ஏறியதால், அவன் மனைவி அதை இங்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"குட்டியா வந்தன்னிக்கே நல்ல நாற்காலியாப் பாத்து ஏறி உக்காந்துச்சு. கெஞ்சினாத்தான் சாப்பிட்டுச்சு. அதனால அப்பா மாப்பிள்ளைன்னு பேரு வெச்சார். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, மறுநாளே அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டாள்.

மனசில் வைத்துக்கொள்ளக்கூடாதென்றுதான் அவனும் பார்த்தான். ஆனால் கல்யாணமான நாளாக மாமனார் அவனிடம் "வாங்க", "உக்காருங்க" தவிர வேறு பேசியதில்லை. இப்போது முதல்முறையாக ஒரு பொறுப்பு அவனிடம் வந்திருக்கிறது. நாயை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால் அந்த வாயிலிருந்து தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை உதிராதா என்று ஏங்கினான். அந்த ஒரு வார்த்தைக்காக ஊரிலுள்ள பூசணிக்காயை எல்லாம் வேகவைக்கத் தயாராக இருந்தான்.

நாய்தான் அவனை மதிக்கவில்லை. "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது.

அன்று சாயங்காலமே மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?"

கண்ணாடிக்காரனுக்கு ஓர் இலக்கணச் சிக்கல். "சாப்பிட்டது" என்றால் செல்லம் கொடுத்து வளர்த்தவர் மனம் நோகும். "சாப்பிட்டார்" என்றால் தன் மனம் நோகும். நாக்கை இரண்டுக்கும் நடுவில் ஓட்டினான்.

"சாப்பிட்டாச்சு மாமா."

"என்ன சாப்பாடு?"

"வேகவைச்ச பூசணிக்காய். உப்பில்லாம."

"அவ்வளவுதானா?"

"சமத்தா இருந்ததுக்கு ஒரு துண்டு கேரட்."

"மாப்பிள்ளைக்குத் திராட்சைன்னா உயிராச்சே. ஒரு பெட்டி அனுப்பி வைக்கறேன்."

திராட்சை என்றால் கண்ணாடிக்காரனுக்கும்தான் உயிர். அதை யார் கேட்டார்கள்?

"டாக்டர் கூடாதுன்னுட்டாங்க மாமா. ஈரல்ல கொழுப்பாம்."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. பழம் தின்னு யாரு கெட்டுப்போனாங்க? அது சரி, மேனேஜர் எப்படி? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"மேனேஜரா?" என்றான் இவன், கடை மேனேஜரை நினைத்து. மேஜைக்கடியில் படுத்திருந்த நாய் சட்டென்று எழுந்து வாலை ஆட்டியது. "எப்பவும் போலத்தான் மாமா. உறுமிக்கிட்டே இருக்கார்."

"ஒரு பிஸ்கட்டைப் போடுங்க. அடங்கிடும்."

போனை வைத்தபின்னும் கண்ணாடிக்காரன் அப்படியே நின்றான். நாய்க்கு அத்தனை மரியாதை. கடை மேனேஜர் வெறும் "அது". மாமனாரும் மேனேஜர்களைப் பார்த்தவர், அனுபவம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டான். கடை மேனேஜரைக்கூட விசாரித்தவர், தன்னை விசாரிக்கவில்லையே என்பதுதான் உறுத்தியது.

திராட்சை வந்து சேர்ந்தது. ஃப்ரிட்ஜுக்குள் வைத்தான். நாய் மூக்காலேயே கதவைத் திறந்தது. அலமாரி உச்சியில் வைத்தான். நாய் கீழே உட்கார்ந்து, அலமாரி இரங்கிவரும் என்ற நம்பிக்கையில் அண்ணாந்து பார்த்தது. வீட்டில் பத்திரமான இடம் தன் வயிறு ஒன்றுதான் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் தானே தின்று தீர்த்தான்.

"திராட்சை சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சு மாமா. ஒண்ணுகூட மிச்சமில்லை." பொய் சொன்ன பயத்தில் காது சூடானது.

மாமனார் சிரித்தார். கல்யாண போட்டோவில்கூடச் சிரிக்காத மனிதர். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் உண்மையைச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

சிரிப்பின் பலனாகச் சாக்லேட் வந்தது. அடுத்து, வெங்காயம் அடைத்த பன். டாக்டர் அம்மா எதையெல்லாம் விஷம் என்றாரோ, அதையெல்லாம் மாமனார் தேடித் தேடி அனுப்புவது போலிருந்தது. ஒவ்வொன்றையும் நாய் மோப்பம் பிடிக்குமுன் இவன் விழுங்கினான். நாய்க்கு இடுப்பு முளைத்தது. இவனுக்கு இருந்த இடுப்பு காணாமல் போனது.

இதற்கிடையில் மாமனாரின் யோசனையை நம்பி, கடை மேனேஜர் மேஜையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்தான்.

"லீவு வேணுமா?" என்று உறுமினார் மேனேஜர்.

"இல்ல சார். சும்மா."

அன்று முழுவதும் உறுமல் இல்லை. மறுநாள் டீ வரும் நேரத்தில் அவரே லென்ஸ் அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னிக்கு ஒண்ணும் இல்லையாப்பா?" அதற்கடுத்த நாள் கேட்கவுமில்லை, அவன் பையைத் தானே திறந்து பார்த்தார்.

"மேனேஜர் விடாம பிஸ்கட் கேக்கறார் மாமா."

"பழக்கிட்டீங்களே. கொழுத்துடும். சாயங்காலம் வெளியே கூட்டிட்டுப் போய் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

மறுப்பேது? சாயங்காலம், "சார், கொஞ்சம் காலாற நடப்போமா?" என்று கூப்பிட்டான். மேனேஜர் கண் கலங்கிவிட்டார். அவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லையாம். நடந்துகொண்டே தன் மச்சினன் செய்த துரோகத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அது நீளமான துரோகம். தினமும் கொஞ்சம் சொன்னார்.

அவன் தாமதமாக வீடு திரும்ப, தனியே கிடந்த நாய் தன் துரோகத்தைத் தொடங்கியது. அன்று மாமனாரின் போன் வந்தபோது கண்ணாடிக்காரன் களைத்துப்போயிருந்தான். நாய் படுத்தும் பாட்டை இனி ஒளிக்க வேண்டாம் என்று தீர்மானித்தான்.

"மாப்பிள்ளை எப்படி? உடம்பு இளைச்சிருக்கா?"

"நல்லாவே இளைச்சாச்சு மாமா. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுது. டாக்டர் அம்மா மேஜைமேல ஏத்தி, தடவிப் பாத்துட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க."

"மேஜைமேலயா?"

"ஆனா மனசுதான் சரியில்லை. வீடு பூட்டிக் கிடந்தா ஒரே ஊளை. செருப்பு ஒண்ணைக் கடிச்சுக் குதறியாச்சு. உங்க பொண்ணோட பழைய சட்டையை மோந்து பாத்தாத்தான் தூக்கமே வருது."

"அக்கம்பக்கத்துல யாரும் பாக்கலையே?"

"பாக்காம? வெளியே போனா ஒரு விளக்குக் கம்பம் விடறதில்லையே மாமா. பாக்கறவங்கள்லாம் சிரிச்சு, தலையைத் தடவிக் கொடுத்துட்டுப் போறாங்க."

மறுமுனையில் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

மறுநாள் கடைக்கு விடுமுறை. நாயோ பூசணியும் சலித்து, கேரட்டும் சலித்து, கிண்ணத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்காரன் கெஞ்சிப் பார்த்தான். கோபித்துப் பார்த்தான். கடைசியில் தரையில் மண்டியிட்டு, கைகளை ஊன்றி, கிண்ணத்துக்குள் குனிந்து ஒரு கேரட்டை வாயால் கவ்வி எடுத்தான்.

"இங்க பாரு," என்றான், பல்லிடுக்கில் கேரட்டோடு. "இப்படி."

கதவு திறந்தது. வாசலில் ஊன்றுகோலும் மாவுக்கட்டுமாக மாமனார். பின்னால் பையோடு மாமியார்.

மாமனார் பார்த்தார். தரை, கிண்ணம், நாலு காலில் நிற்கும் உருவம், அதன் வாயில் கேரட்.

"மாமா, இந்தக் காலோட எதுக்கு..." வாயைத் திறந்ததும் கேரட் விழுந்தது. விழுந்ததை நாய் தின்றது.

மாமனார் நொண்டி வந்து நாற்காலியில் சரிந்தார். அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் அவனைத் தொட்டது அதுதான் முதல்தடவை.

"மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?" குரல் உடைந்து, கண்ணில் நீர் கோத்தது.

அந்தக் கண்ணீரைக் கண்டு கண்ணாடிக்காரனும் உடைந்தான். "மன்னிச்சுடுங்க மாமா. திராட்சை, சாக்லேட், பன்னு, எல்லாத்தையும் தின்னது நான்தான். மாப்பிள்ளைக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கலை. சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சுன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மாமனார் திரும்பி மனைவியைப் பார்த்தார். "என்ன சொல்றார் இவர்?"

"ஆனா உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நீங்களே பாருங்க, எப்படி இளைச்சு அழகா ஆயாச்சுன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயின் பக்கம் திரும்பினான். "மாப்பிள்ளை, இங்க வா. யாரு வந்திருக்காங்க பாரு."

நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

மாமியார் பையைக் கீழே வைத்தார். "மேனேஜர்," என்று மெதுவாகக் கூப்பிட்டார். நாய் ஒரே தாவலில் அவர்மேல் ஏறியது.

அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே மாமியார் சொன்னார்: "எங்க பொண்ணு வாயிலதான் அந்தப் பழைய பேரு இன்னும் போகலை போல. நெஜ மாப்பிள்ளை வந்தப்புறம் ஒரு நாயை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா மரியாதையில்லைன்னு, உங்க கல்யாணத்தன்னிக்கே இவர் இதுக்கு மேனேஜர்னு பேரை மாத்திட்டாரே."