வரிசையில் போன நாற்பத்தொரு கப்பல்கள்

ஒரு காட்டில் எறும்புகளுக்குச் சொந்தமாக நாற்பத்தொரு விண்கப்பல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. கப்பலுக்கு ஓர் எறும்பு, எறும்புக்கு ஒரு பீரங்கி. அந்தப் பீரங்கியால் சுட்டால் எதிரிக்குக் கொஞ்சம் அரிக்கும்.

ஒருநாள் அந்தக் காட்டுக்கு மேலே யானைகளின் போர்க்கப்பல் வந்தது. பத்தொன்பது யானைகள், எட்டுப் பெரிய பீரங்கிகள். வந்த கப்பல் சூரியனுக்கும் எறும்புப் புற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டது. புற்றில் அறுநூற்றுப் பன்னிரண்டு முட்டைகள். மூன்று நாளாக வெயில் இல்லை. நான்காம் நாள் பொழுது சாய்வதற்குள் சூடு படாவிட்டால் ஒன்றுகூடப் பொரியாது.

எறும்புத் தளபதி செங்கமலம் விலகி நிற்கச் சொல்லி மூன்று முறை கத்திப் பார்த்தாள். அவ்வளவு பெரிய காதுகளில் ஒரு முறையும் விழவில்லை. சரி, போர்தான் என்று முடிவு செய்து, படைக்குப் பாடம் எடுத்தாள்.

"பெரிய கப்பல் திரும்ப நேரமாகும். நாம சிதறிப் போகணும். ஒட்டிப் பறந்தா அவங்க பீரங்கி குனிஞ்சு சுட முடியாது. முக்கியமா, ஒருத்தி பின்னால ஒருத்தி போகக் கூடாது. வரிசையாப் போனா ஒரே குண்டுல நாப்பத்தொண்ணும் காலி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அக்கா" என்றார்கள் நாற்பது பேரும்.

நான்காம் நாள் காலை கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போய்ச் செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் நாற்பது கப்பலும் பின்னால்.

"சிதறுங்கடி."

"நீங்க சிதறுங்க அக்கா. நாங்க பின்னாலயே வர்றோம்" என்றாள் இரண்டாம் கப்பலில் இருந்த நாச்சி.

செங்கமலம் இடப்பக்கம் ஒடித்தாள். வரிசையும் ஒடித்தது. குட்டிக்கரணம் போட்டாள். அதே இடம் வந்ததும் ஒவ்வொருத்தியாக நாற்பது பேரும் போட்டார்கள்.

போர்க்கப்பலில் பீரங்கி யானை விசையில் தும்பிக்கையை வைத்தது. குறி பார்க்கக்கூட வேண்டியதில்லை, அப்படியொரு நேர்க்கோடு. ஆனால் தும்பிக்கையை எடுத்துவிட்டது.

"ஐயா, வெளியில வரிசை நிக்குது."

கேப்டன் களிறப்பன் எட்டிப் பார்த்தார். "என்ன குடுக்கிறாங்களாம்?"

"தெரியல ஐயா."

"தெரியாம சுட்டுத் தொலைக்காதே. கடைசியில போய் நில்லு. உனக்கு முன்னால ஒரு துண்டைப் போட்டு எனக்கும் இடம் பிடி."

அரை மணி நேரத்தில் பத்தொன்பது யானைகளும் விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு, தும்பிக்கையில் பையும் ரேஷன் அட்டை நகலுமாக, நாற்பத்தொன்றாம் கப்பலுக்குப் பின்னால் நின்றன. இரண்டு யானைகள் நடுவில் நுழையப் பார்த்தன. "பின்னாடி போங்க, நாங்க காலையிலேர்ந்து நிக்கிறோம்" என்று கடைசி எறும்பு அதட்டியதும் போய்விட்டன.

செங்கமலம் வளைத்துக்கொண்டு போர்க்கப்பலின் கதவுக்குப் போனாள். திறந்து கிடந்தது. உள்ளே ஆளில்லை. எறும்புகள் ஒவ்வொருத்தியாக உள்ளே நுழைய, வரிசை நகர்ந்து நகர்ந்து, களிறப்பன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இது நம்ம கப்பல் மாதிரி இல்ல?"

"பேசாம நில்லுங்க ஐயா. இடம் போயிடும்" என்றது பீரங்கி யானை.

செங்கமலம் கதவுக்கு ஓடி வந்தாள். களிறப்பன் ஒரு தும்மல் போட்டால் படை முழுதும் போச்சு. கதவை முக்கால்வாசி மூடிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "இன்னிக்கு முடிஞ்சுது. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நிலாவுக்குப் பின்னால வாங்க. ரெண்டு நகல் வேணும்."

"ஒண்ணுதாங்க இருக்கு" என்றார் களிறப்பன் பணிவாக.

"அதுக்குத்தான் நாளைக்கு."

முதல் இடம் பிடிக்க யானைகள் அப்போதே நிலாவுக்குப் புறப்பட்டன. நாற்பத்தொரு பேரும் ஒரே விசைமேல் ஏறி நின்று அழுத்த, போர்க்கப்பல் விலகியது. புற்றின்மேல் வெயில் விழுந்தது. மாலைக்குள் அறுநூற்றுப் பதினொரு முட்டைகள் பொரிந்தன. மீதி ஒன்று அரிசி.

மறுநாள் காலை நாச்சி வானத்தைப் பார்த்தாள். யானைகளுக்குப் பின்னால் கரடிகள், நரிகள், ஒரு முதலைக் குடும்பம் என்று நிலாவை ஒன்றரைச் சுற்று சுற்றி நின்றது வரிசை.

"அக்கா, அங்க என்ன குடுக்கிறாங்க?"

ஒன்றும் கொடுக்கவில்லை என்று செங்கமலத்துக்குத் தெரியும். வரச் சொன்னதே அவள்தான். வரிசையை இன்னொரு முறை பார்த்தாள். இத்தனை பேர் சும்மாவா நிற்பார்கள்?

"சட்டுனு போய் நாப்பத்தொரு பேருக்கு இடம் பிடிடி. ரெண்டு நகல், மறந்துடாதே."

நீதி: பகைவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், அவன் எதிரில் வரிசையாக நின்றால் வென்றுவிடலாம். வென்ற பிறகு தாமதிக்காமல் அவனுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். ஏதாவது கொடுத்தாலும் கொடுப்பார்கள்.