உடம்பில்லாத மீன்

மீனுக்குத் தலை வந்துவிட்டது. வாலும் வந்துவிட்டது. நடுவில் உடம்பைத்தான் காணோம்.

"இன்னாடி நெலா இது? மார்க்கெட்ல வெட்டிப் போட்ட மாதிரி இருக்குது," என்றான் திருமுருகன்.

"எனக்கு வரலப்பா." யுகேஜி படிக்கும் தமிழ்நிலா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

தாளின் இடது பக்கம் வரிசையாகக் கட்டங்கள். அவற்றுக்குள் ஒரு மீன். வலது பக்கம் அதே கட்டங்கள், காலியாக. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, அந்த மீனை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கிருபா மிஸ் கொடுத்து அனுப்பியது.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி சத்யப்ரியா குரல் கொடுத்தாள். "மீட்டிங்ல மிஸ் சொன்னாங்க. இப்படிக் கட்டம் பார்த்துப் போட்டாத்தான் வெரலுக்குப் பலம் வருமாம். அப்பதான் ஒண்ணாவதுல எழுத வருமாம்."

"வரலன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்? மறுபடியும் யுகேஜிதான் போல."

ஒன்றாவதில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் திருமுருகன். இரண்டாவது வருடம் சொந்தத் தம்பியோடு ஒரே பெஞ்சு. அது தன் பெண்ணுக்கு வரக்கூடாது.

உதவி செய்ய நேரம் நிறைய இருந்தது. உப்பு லாரியின் பின்கதவு வலது கையில் விழுந்ததிலிருந்து அவன் உப்பளத்துக்குப் போகவில்லை. கட்டுப் பிரித்தாகிவிட்டது, விரல்கள்தான் கருவாடு போல விறைத்து நின்றன. தினமும் அமுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். 'பந்து வெச்சு வெளையாட நான் இன்னா சின்னப் புள்ளையா' என்று அதை அலமாரி மேல் போட்டுவிட்டான்.

"சரி, அப்பா ஒரு கட்டம் போட்டுக் காட்டறேன். பார்த்துக்கோ," என்று இடது கையால் பென்சிலை எடுத்தான்.

"ரைட் கைலதான் போடணும். மிஸ் சொன்னாங்க."

"அது உனக்குச் சொன்னது."

"எல்லாருக்கும்தான்."

வலது கைக்கு மாற்றினான். பென்சில் நழுவிக் கட்டிலுக்கடியில் ஓடியது. நிலா தவழ்ந்து போய் எடுத்து வந்தாள். மறுபடி ஓடியது. மறுபடி எடுத்து வந்தாள். முகம் சுளிக்காமல் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பென்சிலை நடுவில் செருகினாள்.

"அப்பனை விட உனக்குப் பொறுமைடி," என்றான்.

ஒரு வழியாக எல்லாக் கட்டங்களும் நிரம்பின. ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகத்தான் இருந்தது. ஆனால் எந்தக் கோடும் பக்கத்துக் கட்டத்தைத் தொடவில்லை. எல்லாம் ஓரத்துக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டன.

"ஏம்ப்பா ஒட்டவே இல்ல?"

"நடுவுல வரப்பு இருக்குதில்ல? பாத்தில உப்பு வாரும்போது வரப்பு வரைக்கும் இழுத்தா சேறு கலந்துடும். கொஞ்சம் விட்டுத்தான் நிக்கணும்."

"இது பாத்தி இல்லப்பா. பேப்பரு."

அழித்தான். அழுத்தி அழித்ததில் மீனின் வயிற்றில் ஓட்டை விழுந்தது. காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஸ்கேல் வைத்துப் புதிதாகக் கட்டம் போட்டான். அதற்கே மத்தியானமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மீனவர் குப்பத்திலிருந்து மரியதாஸ் வந்தான். நண்பன். படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்பா, இது இன்னா மீனு?"

"மீனு. அவ்ளோதான்."

"முதுகுல துடுப்பே இல்லியே. இத்த கடல்ல உட்டா கவுந்துடும். புள்ளைக்குத் தப்பாவா சொல்லித் தருவ?"

துடுப்பு வைத்தார்கள். அது கட்டத்துக்கு வெளியே போனது. துடுப்புக்காக மேலே ஒரு வரிசை கட்டம் சேர்த்தார்கள். மேலிருந்து எண்ணியதில் எல்லாம் ஒரு வரிசை ஏறிப்போய், கண் இருக்கவேண்டிய இடத்தில் வாய் வந்து நின்றது.

"இப்ப கவுறாது," என்றான் மரியதாஸ்.

"எப்படிச் சாப்பிடும்? நெத்தியாலயா? எழுந்து போப்பா. எம்பொண்ணு பெயிலாவ நீ ஒருத்தனே போதும்."

மரியதாஸ் சிரித்துக்கொண்டே போனான். திருமுருகன் இன்னொரு காலண்டர் தாளைக் கிழித்தான். இந்த முறை நிலா பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அஞ்சாவது கட்டம். மூலைலேர்ந்து நடுவுக்கு வரணும்," என்றாள்.

"இப்படியா?"

"இன்னும் வளைக்கணும். ம். இப்ப பக்கத்துக் கட்டத்துக்குப் போ. வரப்பு இல்ல, போ."

"வாயால இவ்ளோ தெளிவா சொல்ற. கைல வர மாட்டேங்குதே கண்ணு," என்றான். பெருமையும் கவலையும் சேர்ந்து வந்தன.

விளக்கு வைக்கும் நேரத்தில் மீன் முழுதாகிவிட்டது. சத்யப்ரியா எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. நீங்க போட்டா அவளுக்கு எப்படிங்க பலம் வரும்?"

ராத்திரிச் சோற்றை மெல்ல மெல்ல அதே கேள்வியைத்தான் அவனும் மென்றான்.

திங்கட்கிழமை காலை பெண்ணைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். நிலா வாசலிலேயே கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவன் கிருபா மிஸ் முன்னால் தாளை நீட்டினான்.

"மிஸ், உண்மையச் சொல்லிடறேன். இது நான் போட்டது. அவளுக்குச் சுத்தமா வரல. ஒரு வருஷம் உக்கார வெச்சிடாதீங்க. இனிமே தெனமும் நான் கூட உக்காந்து பழக்கறேன்."

கிருபா மிஸ் மீனைப் பார்த்தார். பிறகு தாளைப் பிடித்திருந்த அவன் வலது கை விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவ தன் மீனை வெள்ளிக்கிழமையே கிளாஸ்ல முடிச்சுட்டா. செவுத்துல ஒட்டியும் ஆச்சுங்க. வீட்டுக்கு வந்த பேப்பர், 'எங்கப்பாவுக்கு வெரல்ல பலமே இல்ல மிஸ், அவருக்கு ஒரு பேப்பர் குடுங்க'ன்னு அவளே தனியா கேட்டு வாங்கிட்டுப் போனது."