தட்டானுக்குக் கண் திறந்த நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மோசம். எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். மதுரையில் இத்தனை கடைகளுக்குப் போர்டு எழுதியவனுக்கா கையெழுத்து மோசம் என்று கேட்பீர்கள். பிரஷ்ஷைக் கொடுத்து ஓரடி உயரத்துக்கு எழுதச் சொல்லுங்கள், எழுத்து ராஜா மாதிரி நிற்கும். பேனாவைக் கொடுத்தால் படுத்துவிடும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கடைக்காரர் சீட்டில் என்ன எழுதித் தருகிறாரோ அதைத்தான் போர்டில் எழுதுவேன். (அவர் தப்பாக எழுதினால் கடையும் தப்பாகவே திறக்கும்.)

இது ஃப்ளெக்ஸ் போர்டு வராத காலத்தில் நடந்தது. வில்லாபுரத்தில் வாடகை அறையில் இருந்தேன். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் கூச்சம். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் பஜ்ஜியைப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

பெருமாள் மாமா எனக்குத் தூரத்து உறவு. உசிலம்பட்டிக்காரர். ஒரு கல்லூரியில் விலங்கியல் லேப் அட்டெண்டர். ஒருநாள் அவரே தேடி வந்தார்.

"மாப்ள, எங்க மேடம் கண்காட்சி வைக்கிறாங்க. பழைய பூச்சிப் படத்தப் பெருசா வரையணுமாம். நீ வந்து வரஞ்சு குடு. மேடம் வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வந்துருச்சுன்னா, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே உங்க ஆத்தாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. ஈஸ்வரியப் பேசி முடிச்சிருவோம்."

ஈஸ்வரி அவர் மகள். ஒரு காதுகுத்து வீட்டில் பார்த்திருந்தேன். (முழுசாகவே பார்த்தேன். அங்கே பஜ்ஜி போடவில்லை.)

லேபில் மேடம் காட்டியது வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் தட்டான். யாரோ ஒருவர் செத்த தட்டானை முன்னால் வைத்துக்கொண்டு, இறக்கையின் ஒவ்வொரு நரம்பையும் முடியைவிட மெல்லிய கோடாக இழுத்து, மேலே வண்ணம் பூசியிருந்தார். சின்ன வயதில் கண்மாய்க் கரையில் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட அதே தட்டான்தான். அது இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் எந்தத் தட்டானுக்கும் ஒரு பக்க இறக்கைதான் இருந்தது. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. மாமா கேட்டார்.

"என்ன மேடம், வரஞ்சவன் பாதியில கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டானா?"

மேடம் சிரித்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான இருக்கும் பெருமாள்? ஒரு பக்கம் போட்டாப் போதும்னு விட்டிருவாங்க. அந்தக் காலத்து வழக்கம். தம்பி, நீங்களும் அப்படியே வரைங்க. எதையும் மாத்தாதீங்க."

தலையாட்டினேன்.

லேப் வராண்டாவில் பிளைவுட் பலகைகளைச் சாய்த்து, சாக்பீஸால் கட்டம் போட்டு வரைந்தேன். வேப்பமரக் காற்று, டர்பன்டைன் வாசனை, உள்ளே பையன்கள் தவளை அறுக்கும் சத்தமில்லாத மத்தியானம். இப்போது நினைத்தாலும் அங்கே போய் உட்காரத் தோன்றுகிறது. ஈஸ்வரி சில நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். உடனே பலகையை ஒட்டிக் குனிந்துகொள்வேன். மூக்கில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது அவள் போன பிறகுதான் தெரியும்.

எல்லாம் முடிந்து கண் மட்டும் பாக்கி. புத்தகத்தில் தலை நிறைய இரண்டு உருண்டைகள் இருந்தன. விழி இல்லை. எங்கள் தொழிலில் கட்அவுட்டோ சாமி படமோ, கண்ணைக் கடைசியாகத்தான் திறப்போம். குளித்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்துவிட்டு விழி வைப்போம். கண் திறக்காத படத்தை வெளியே அனுப்பினால் ஆகாது. நான் யோசித்தேன். இறக்கையையே பாதியில் விட்டவர் கண்ணை மட்டும் முடித்திருப்பாரா? அதையும் பின்னால் வருகிறவன் திறந்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பார். மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (கேட்கிற ஆளாக இருந்தால் எனக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும்.)

மாமாவிடம் சொன்னேன். "அட, அத மொதல்ல செய்யி மாப்ள! குருடா நிறுத்துனா வெளங்குமா?" என்று அவரே சூடமும் தேங்காயும் வாங்கி வந்தார்.

கண்காட்சியன்று காலையில் கண் திறந்தேன். எனக்குத் தெரிந்தது கட்அவுட் கண்தான். வெள்ளை முழி, கருவிழி, ஓரத்தில் லேசான சிவப்பு, நடுவில் ஒளிப்புள்ளி. ஆர்வத்தில் இமைமுடியும் வைத்தேன். ஒரு தட்டானுக்குப் புருவம்கூட வைத்தேன். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் எல்லாம் என்னையே பார்த்தன. "உசுரு வந்துருச்சுடா!" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெயிண்டில் படாமல் துணி கட்டி மறைத்தோம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் துணியை இழுத்தார். கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. தட்டான்கள் வரிசையாக நின்று கூட்டத்திடம் ஓட்டுக் கேட்டன. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார்.

"இது எந்த வகை?"

"மாவட்டச் செயலாளர் வகை சார்!" என்றான் பின்வரிசை மாணவன்.

மேடம் முகம் சிவந்துவிட்டது. "பெருமாள், யாரு இதுக்கெல்லாம் கண்ணு வச்சது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார் மாமா. கையில் தேங்காய்மூடி இருந்தது.

"தம்பி, தட்டானுக்குக் கருவிழியே கெடையாது. அந்த உருண்டை பூராவும் ஆயிரக்கணக்குல சின்னச் சின்னக் கண்ணுதான். புத்தகத்துல அவரு சரியாத்தான் வரைஞ்சிருக்காரு."

பதறிப்போய்த் தின்னர் துணியோடு ஓடித் துடைத்தேன். எனாமல் காயவில்லை. கறுப்பு கன்னத்தில் வழிந்தது. இப்போது எல்லாத் தட்டானும் அழுதன. கூட்டத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஈஸ்வரி. நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, தாவணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மாமா என் காதருகே வந்தார். "வெள்ளிக்கிழமை வர வேணாம் மாப்ள. ஆத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பலகைக்குப் பின்னால் போய்ப் பிரஷ்களைக் கட்டினேன். அப்போது மறுபக்கம் ஈஸ்வரி குரல் கேட்டது.

"மேடம், படம் நல்லாருக்கா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? றெக்கையில ஒரு நரம்பக்கூட விடல. கண்ணத் தவிர எல்லாம் சரி."

"கேட்டீங்களாப்பா? சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க."

"அப்ப கண்ணு?"

"அது தட்டானுக்குத்தான? எனக்கென்ன?"

வெள்ளிக்கிழமை போனோம். பஜ்ஜி போட்டிருந்தார்கள். நான் தொடவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினாலும், பிள்ளைகள் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "கண்ணத் தவிர எல்லாம் சரி." மூத்தவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் வாங்கியவர் மாமா. பிள்ளை என்னைப் போலவே பெரிய கண்ணை உருட்டி அவரை முழித்துப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"வாங்கிக்க மாப்ள. கண்ணத் தவிர எல்லாம் சரி."

அந்த மூத்தவள்தான் இதை எழுதச் சொன்னாள். எழுதி முடித்தது, புரட்டாசி மாதம் பதினேழாம் தேதி.