ட்ரயல் அண்ணனும் தண்ணீர் மெஷினும்

விளாங்குடியில் ட்ரயல் அண்ணன் கைபட்டு உருப்பட்ட பொருள் என்று ஒன்றை யாராவது காட்டினால் நான் மொட்டை போட்டுக்கொள்ளத் தயார். கரண்ட் மோட்டார் மட்டும் விதிவிலக்கு. திண்டுக்கல் ரோட்டோரம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கருகிப்போன மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், சொன்ன தேதியில் ஓட வைத்துக் கொடுப்பார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

அவர் நிறுத்தவில்லை. கொசு, குப்பை, சாக்கடை, பிளாஸ்டிக் என்று எங்கள் தெருவில் என்னென்ன பிரச்சினை உண்டோ அத்தனைக்கும் தன் கையாலேயே ஒரு மெஷின் செய்து முடிவு கட்டிவிடுவது என்று இருந்தார். "என்னண்ணே இது?" என்று யார் கேட்டாலும், "ஒண்ணுமில்ல மாப்ள, ட்ரயல் பாக்கேன்" என்பார். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. தெருவில் அது யாருக்கும் தெரியாது.

நான் அங்கே வாடகைக்குக் குடி போன புதிதில் கொசு மெஷின் ட்ரயலில் இருந்தது. பழைய டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து, அதன் பின்னால் வலை கட்டி, முன்னால் ஒரு நீல பல்பு. கொசு வெளிச்சத்தைப் பார்த்து வரும், காற்று உறிஞ்சி வலைக்குள் தள்ளிவிடும் என்பது திட்டம். கொசு வெளிச்சத்தைப் பார்த்து வந்தது உண்மைதான். பக்கத்துத் தெருக் கொசுவும் சேர்ந்து வந்தது. ஃபேனுக்குப் பக்கவாட்டில் காற்றுப் படாத இடத்தில் எல்லாம் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன. வலையில் அகப்பட்டது மாடியில் குடியிருந்த ராஜேஸ்வரி அக்கா காயப் போட்டிருந்த கைக்குட்டை ஒன்றுதான். அக்கா அதை எடுக்க வந்தபோது பேசிய பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

அடுத்தது டீ பார்சல். கொதிக்கிற டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. வாடிப்பட்டிப் பக்கம் வாழைத் தோப்புகளில் சும்மா வெட்டிப் போடுகிற மட்டையை ஒரு வண்டி கொண்டுவந்து, மடித்துத் தைத்து, மூடியோடு டப்பா செய்தார். பார்ப்பதற்கு உண்மையிலேயே அழகாக இருந்தது. டீக்கடை மாஸ்டர் முதல் டப்பாவில் டீ ஊற்றி, ருசி பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இத டீன்னு வித்தா அடிக்க வருவாய்ங்க. கல்லடைப்புக்குக் கசாயம்னு வேணா விக்கலாம்."

அண்ணன் கோபப்படவில்லை. "துவர்ப்பு நிக்கலாம்னு எனக்கே ஒரு டவுட்டு இருந்துச்சு. அதுக்குத்தான ட்ரயலு" என்று டப்பாக்களை அள்ளிக்கொண்டு போனார். தோல்வி அவரை ஒன்றும் செய்யாது. அடுத்த வாரம் புது ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்பார்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். காலையிலிருந்து மத்தியானத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், கொஞ்ச நேரம்தான் நிற்கும். குழாய் இருப்பது வாசலில் வெட்டிய குழிக்குள். அதில் அடிபம்பு மாட்டி, மூச்சு வாங்க அடித்தால்தான் குடத்தில் விழும். அதனால் தண்ணீர் நாளில் வீட்டுக்கு ஒரு ஆள் வாசலைப் பார்த்தபடியே கிடக்க வேண்டும்.

இதில் ரொம்பக் கஷ்டப்பட்டது எங்கள் எதிர்வீட்டு சாந்தா. சௌராஷ்டிரக் குடும்பம், மதுரை மகால் பக்கமிருந்து வாடகை கட்டுப்படியாகாமல் விளாங்குடிக்கு வந்தவர்கள். அப்பா பட்டு வியாபாரம் செய்தவர் என்பதால் தெருவே அவரைப் பட்டு ஐயா என்று கூப்பிட்டது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, வாசல் ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தார். படுக்கை விரிப்பைத் தினமும் அலச வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். சாந்தா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவுக்கு மருந்து. தண்ணீருக்காகக் காத்திருந்துவிட்டு ஓடினால் கடைக்கு லேட், மேனேஜரிடம் வசவு. ஓரிரு தடவை பக்கத்து வீடுகளில் பிடித்து வைக்கச் சொல்லிக் கேட்டாள். பிடித்து வைத்தார்கள். பிறகு ராஜேஸ்வரி அக்கா, "அவிங்கவிங்க வீட்டுக்குப் பிடிக்கவே முடியல, இதுல ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்கணுமாக்கும்" என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டாள். அதோடு சாந்தா யாரிடமும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இதைப் பார்த்த ட்ரயல் அண்ணன் யோசித்தார். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் சற்று நேரம் வெறும் காற்றுதான் வரும். அந்தக் காற்றை வைத்தே தெருவுக்குத் தகவல் சொன்னால் என்ன? கரண்டு வேண்டாம், புகை இல்லை. ஒரு சங்கை வாங்கி, அதன் வாயில் ஊதுகுழல் நாக்கு ஒன்றைப் பொருத்தி, சாந்தா வீட்டுக் குழாயில் கொண்டுபோய் மாட்டினார். அந்த வீடுதான் தெருவுக்கு நடுவில் இருந்தது.

மறுநாள் காலை, மேனேஜர் வசவுக்குப் பயந்து சாந்தா தண்ணீருக்குக் காத்திருக்காமல் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு குழாயில் காற்று வந்தது. சங்கு ஊதியது. மெஷின் நூற்றுக்கு நூறு வெற்றி. ஆனால் நம் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலிலிருந்து நீளமாகச் சங்குச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்பதை, மதுரையில் பிறந்து வளர்ந்த அந்த மனிதர் யோசிக்கவே இல்லை.

டீக்கடை மாஸ்டர் பாதி ஷட்டரை இறக்கினார். மாடியிலிருந்து ராஜேஸ்வரி அக்கா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே இறங்கி வந்தாள். யாரோ ஐஸ் பெட்டிக்குப் போன் போட்டார்கள். யாரோ சாந்தாவின் கடைக்கும் போன் போட்டார்கள். நானும் வேட்டி மாற்றிக்கொண்டு, மாலை ஒன்று வாங்கிக்கொண்டு போய் நின்றேன். ஜன்னல் வழியாகப் பட்டு ஐயா குழறலாகக் கேட்டார்: "யாரு போயிட்டா?"

ராஜேஸ்வரி அக்கா பாதியில் நின்ற ஒப்பாரியை இருமலாக மாற்றிக்கொண்டாள். இதற்குள் காற்று நின்று தண்ணீர் வந்து, அடிக்க ஆளில்லாமல் குழிகளுக்குள் வீணாகிக்கொண்டிருந்தது. எழவு விழுந்த வாசலைத் தாண்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாதே என்று தெரு முழுக்க ஒரு குடம்கூட நனையவில்லை. தண்ணீர் வருவதை அறிவிக்க வைத்த மெஷினால் தெருவுக்கே தண்ணீர் இல்லாமல் போன நாள் அது.

ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கிய சாந்தா, அப்பா முழித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்ததும் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடை மேனேஜர் இதை நம்பவில்லை. "இனிமே ஒருநாள் லேட்டா வந்தாலும் வேற எடம் பாத்துக்கங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று ட்ரயல் அண்ணன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாந்தா வீட்டு வாசலில் போய் நின்று, "தங்கச்சி, நீ நேரத்துக்கு வேலைக்குப் போ. ஆளே இல்லாம தண்ணி ஏத்துற மெஷின் ஒண்ணு மனசுல கிடக்கு. எம்பொறுப்பு" என்றார்.

"யாரும் எனக்காகச் சிரமப்பட வேண்டாம்ணே."

"மெஷினுக்கு என்னத்தா சிரமம்?"

அடுத்த தண்ணீர் நாளுக்குள் சாந்தா வீட்டுக் குழாய்க்குழி மேல் ஆளுயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி வந்துவிட்டது. பச்சைப் பெயின்ட், கதவு, பூட்டு. அதிலிருந்து ஒரு டியூப் வீட்டுக்குள் இருக்கும் டிரம்முக்குப் போனது. தண்ணீர் வரும் நேரத்தில் உள்ளேயிருந்து கடகடவென்று சத்தம் கேட்கும். சாயந்தரம் சாந்தா வந்து பார்த்தால் டிரம் நிறைந்திருக்கும். அண்ணன் மட்டும் மேற்பார்வைக்கு என்று அவ்வப்போது உள்ளே போய் வருவார். மற்றவர்களுக்கு அனுமதி இல்லை.

தெருவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. டீக்கடை மாஸ்டர் தன் வீட்டுக்கும் ஒன்று கேட்டார். வரிசையாக நாலைந்து வீடுகள் கேட்டன. ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் காரில் வந்து, கண்காட்சியில் வைக்கலாம், மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போடுகிறோம் என்றார். வாழ்நாள் முழுக்க யாராவது ஒரு ஆள் வந்து 'எனக்கும் ஒன்று செய்து கொடு' என்று கேட்க மாட்டானா என்று ஏங்கிய மனிதர் இவர். அத்தனை பேரிடமும், "இன்னும் ட்ரயல் முடியல சார், முடியட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான்.

ராஜேஸ்வரி அக்காவுக்கு வேறு சந்தேகம். குழாயில் திருட்டுத்தனமாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள், அதனால்தான் தன் வீட்டுக்குத் தண்ணீர் குறைகிறது என்று குடிநீர் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு தண்ணீர் நாளில், சாந்தா கடையில் இருக்கும் நேரத்தில், குழாய் பார்க்கிற அதிகாரி வந்தார். தெரு கூடிவிட்டது. உள்ளே கடகடவென்று சத்தம். பிடிபட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அப்புறம் சாந்தாவுக்கு வேலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. நான் பதறிப்போய், "ட்ரயல் அண்ணன் வெளியூர் போயிருக்கார் சார், சாவி அவர்கிட்டதான்" என்று புளுகினேன். அதிகாரி என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, கதவைத் தட்டி இழுத்தார். பூட்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. திறந்துகொண்டது.

உள்ளே, குழிக்குள், பனியன் முழுக்க வியர்வையோடு ட்ரயல் அண்ணன் அடிபம்பை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இறக்கை கழற்றிய பழைய ஃபேன் ஒன்று ஒரு தகர டப்பாவின் மேல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டார் எங்கய்யா?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

"அப்ப இந்த ஃபேனு?"

"அது சத்தத்துக்கு சார்." பேசும்போதும் கை நிற்கவில்லை. தண்ணீர் நின்றுவிடுமே என்ற கவலை அவருக்கு.

அதிகாரி குனிந்து பெட்டிக்குள் வேறு மோட்டார் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "மனுசன் அடிக்கிறதுக்குத் தடையில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ராஜேஸ்வரி அக்கா மாடிக்கு ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் சாந்தாவைப் பற்றி வாய் திறந்து நான் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். "மெஷின் என்னண்ணே ஆச்சு?"

"மொத நாளே பம்பு கைப்பிடிய ஒடிச்சுப் போட்ருச்சு மாப்ள. தண்ணி நிக்கப் போகுதேன்னு புதுசு மாட்டி நானே அடிச்சேன். சாயந்தரம் தங்கச்சி டிரம்மைப் பாத்துட்டு, 'ஓடுச்சாண்ணே'ன்னு கேட்டுச்சு. அம்புட்டுச் சந்தோசமாக் கேக்குது. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது. மனுசன்தான் அடிக்கிறான்னு தெரிஞ்சா வேணாம்னுரும். நீயும் உளறி வைக்காத, தெருவுலயும் யாரும் சொல்லாமப் பாத்துக்க."

அப்போது ஜன்னலிலிருந்து பட்டு ஐயா எங்களைக் கூப்பிட்டார். நல்ல கையால் ஜன்னல் திட்டைக் காட்டினார். அங்கே தட்டு போட்டு மூடிய ஒரு சொம்பு இருந்தது. "மோர். சாந்தா கலக்கி வச்சிட்டுப் போனா" என்றார். நிறுத்தி, வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு, "மெஷினுக்கு" என்றார். ஒரு பக்கமாகக் கோணிய அந்த வாயில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

ட்ரயல் அண்ணன் சொம்பை வாங்கித் தட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மொத தடவையா வச்சிருக்கு. எப்பக் கண்டுபிடிச்சுச்சோ" என்றார். அதற்கப்புறமும் அவரும் சாந்தாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாயந்தரம் அவள், "மெஷின் நல்லா ஓடுதாண்ணே?" என்பாள். இவர், "ட்ரயல்ல இருக்குத்தா" என்பார். ஒவ்வொரு தண்ணீர் நாளும் திட்டில் சொம்பு இருக்கும். சாந்தாவின் வேலைக்கும் பங்கம் வரவில்லை.

நான் விளாங்குடியை விட்டு வருவதற்கு முன்பு ஒரு தண்ணீர் நாளில் அவருக்குக் காய்ச்சல். போனில் கூப்பிட்டு, "மாப்ள, மெஷின் ரிப்பேரு. இன்னைக்கு ஒருநாள் நீ ஓட்டு" என்றார். தகரப் பெட்டிக்குள் இறங்கி, ஃபேனைப் போட்டுவிட்டு அடித்தேன். பாதி டிரம்மிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது, வெயிலில் தகரம் வேறு காய்ந்தது. ராத்திரி சோற்றைப் பிசையக்கூட முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று தெரிந்தது.